இரண்டாவது பத்து லட்சத்தின் விலை

அமெரிக்காவில் ஒரு நடுத்தர நிறுவனம் தன் பொறுப்புக் காப்பீட்டுக்காக ஆண்டுதோறும் கட்டும் பிரீமியத்தைக் கூர்ந்து பார்த்தால், கணக்குக்கு ஒத்துவராதது போலத் தோன்றும் ஒரு விலை வேறுபாடு கண்ணில் படும். முதல் 10 லட்சம் டாலர் வரையிலான இழப்பீட்டை ஏற்கும் பாலிசிக்கு ஒரு விலை இருக்க, அதற்கு மேலுள்ள இன்னொரு 10 லட்சம் டாலரை ஏற்கும் பாலிசி அதில் ஒரு பங்கு விலைக்கே கிடைக்கிறது. அதற்கும் மேலுள்ள 10 லட்சம் அதைவிடக் குறைவாகக் கிடைக்கிறது. தொகையும் நிறுவனமும் ஆண்டும் மாறாதிருக்க, விலை மட்டும் மேலே போகப் போகச் சரிகிறது. இந்த மேலடுக்குக் காப்பீட்டைத்தான் வணிகக் குடைக் காப்பீடு என்றும், வழக்கில் அம்பிரல்லா பாலிசி என்றும் சொல்கின்றனர். அதன் விலை ஏன் குறைகிறது, அந்தக் குறைந்த விலையை நிர்ணயிப்பதே ஏன் காப்பீட்டுத் துறையின் மிகக் கடினமான கணக்குகளுள் ஒன்றாக இருக்கிறது என்பவற்றை விளங்கிக்கொள்ள, பொறுப்பு என்பதன் இயல்பிலிருந்து தொடங்க வேண்டும்.

பொறுப்புக் காப்பீடு நிறுவனத்தின் சொந்தச் சொத்துக்கு வரும் சேதத்தை ஈடுசெய்வதன்று. நிறுவனத்தின் கவனக்குறைவால் பிறருக்கு நேர்ந்த காயம், மரணம், பொருட்சேதம் ஆகியவற்றுக்காக அது சட்டப்படி கொடுக்கக் கடமைப்பட்ட தொகையை ஏற்பதாகும். சொத்துக் காப்பீட்டில் இழப்புக்கு இயல்பாகவே ஓர் எல்லை உண்டு: 5 லட்சம் டாலர் பெறுமானமுள்ள கிடங்கு முழுவதும் எரிந்தாலும் கட்டடத்தின் இழப்பு அந்த 5 லட்சத்தைத் தாண்டாது. பொறுப்புக்கு அப்படியோர் எல்லை கிடையாது. அதே கிடங்கிலிருந்து புறப்பட்ட ஒரு வேன் பேருந்தொன்றின் மீது மோதினால், இழப்பின் அளவை வேனின் விலை தீர்மானிப்பதில்லை; பேருந்தில் எத்தனை பேர் இருந்தனர், அவர்களுள் எவருக்கு வாழ்நாள் முழுவதும் மருத்துவமும் பணிவிடையும் தேவைப்படும், அவர்கள் இழந்த வருமானம் எவ்வளவு, அனுபவித்த வலிக்கு ஜூரி எனப்படும் நடுவர் குழு என்ன மதிப்பிடும் என்பவையே தீர்மானிக்கின்றன. இவற்றுள் எதுவும் வேன் புறப்படும்போது எவருக்கும் தெரிந்திருப்பதில்லை.

இந்த எல்லையற்ற பொறுப்புக்கு முன்னால் அமெரிக்க நிறுவனங்கள் முதலில் வைப்பது வணிகப் பொதுப் பொறுப்புப் பாலிசியாகும். அதன் வழக்கமான உச்சவரம்பு ஒரு நிகழ்வுக்கு 10 லட்சம் டாலர், ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 20 லட்சம் டாலர். வாகனங்களுக்குத் தனிப் பாலிசியும், பணியாளர் காயமடைந்தால் முதலாளி மீது வரும் வழக்குகளுக்குத் தனிப் பாலிசியும் இதனுடன் சேர்கின்றன. வழுக்கி விழுந்த வாடிக்கையாளர், கடையில் சரிந்த அலமாரி, பின்னால் வந்து இடித்த டெலிவரி வண்டி போன்ற அன்றாடக் கோரிக்கைகள் இந்த வரம்புகளுக்குள் அடங்கிவிடுவதால், பெரும்பாலான முதலாளிகள் தங்களுக்குக் காப்பீடு இருக்கிறது என்ற நிறைவோடு இருந்துவிடுகின்றனர். காப்பீடு இருக்கிறதா என்ற கேள்வியைவிட, அது எந்த அளவில் நின்றுவிடுகிறது என்ற கேள்வியே முக்கியமானது என்பதைப் பல நிறுவனங்கள் வழக்கு வந்த பிறகே அறிகின்றன.

இதற்கு மிகத் துயரமான சான்றாக நிற்பது, 2003 பிப்ரவரி 20 அன்று ரோட் ஐலண்ட் மாநிலத்தின் வெஸ்ட் வாரிக் ஊரில் 'தி ஸ்டேஷன்' என்ற இசைக் கேளிக்கை விடுதியில் நேர்ந்த தீ விபத்தாகும். மேடையில் கொளுத்தப்பட்ட வாணவேடிக்கையின் பொறி, ஓசையை அடக்குவதற்காகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்த பாலியூரித்தேன் நுரைப் பலகையைப் பற்றிக்கொண்டது. ஒன்றரை நிமிடத்துக்குள் உள்ளே மனிதர் உயிரோடு இருக்க இயலாத நிலை ஏற்பட்டதைப் பின்னர் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் நடத்திய ஆய்வு காட்டியது. 100 பேர் இறந்தனர்; 200-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். விடுதிக்கு இருந்த பொறுப்புக் காப்பீடு 10 லட்சம் டாலர். அந்தத் தொகையை இறந்தவர்களுக்கு மட்டும் சமமாகப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு 10,000 டாலர் வரும். தீக்காயத்தோடு பிழைத்தவர்களுக்கு எதுவும் மிஞ்சாது.

அந்தக் குடும்பங்களுக்கு இறுதியில் கிடைத்த ஏறத்தாழ 17.6 கோடி டாலர் விடுதியிலிருந்து வந்ததன்று. நுரை உற்பத்தியோடு தொடர்புடைய நிறுவனங்கள், நிகழ்ச்சியை விளம்பரப்படுத்திய வானொலியின் உரிமையாளர், தொலைக்காட்சி நிலையம், மதுபான நிறுவனம், மாநில அரசு, ஊராட்சி எனப் பல தரப்பினர் மீது பல்லாண்டுகள் வழக்கு நடத்தித் திரட்டப்பட்ட தொகை அது. டியூக் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் பிரான்சிஸ் மெக்கவர்ன் வகுத்த ஒரு புள்ளி முறைப்படி அது பங்கிடப்பட்டது. பொறுப்புக் காப்பீடு முதலாளியின் சொத்தைக் காப்பது மட்டுமே என்ற எண்ணம் எவ்வளவு குறையுடையது என்பதை இந்த நிகழ்வு உணர்த்துகிறது: போதிய வரம்பு இல்லாத இடத்தில் தொழிலை இழந்தவரைவிட, இழப்பீட்டுக்காகக் காத்திருந்தவரே அதிகம் வருந்தினார்.

குடைக் காப்பீடு இந்த முதனிலைப் பாலிசிகள் முடியும் இடத்தில் தொடங்குகிறது. தமிழ்நாட்டு ஏரித் தொடர்களில் மேல் ஏரி நிரம்பிய பிறகே அதன் கலங்கு வழியாக உபரிநீர் மறுகால் பாய்ந்து அடுத்த ஏரிக்குச் செல்வதைப் போல, முதனிலைப் பாலிசி தன் உச்சவரம்பு முழுவதையும் செலுத்தித் தீர்த்த பிறகே மிகுதிக் கோரிக்கை குடைப் பாலிசிக்குப் பாய்கிறது. 35 லட்சம் டாலருக்குத் தீர்ப்பு வந்தால், முதல் 10 லட்சத்தைப் பொதுப் பொறுப்புப் பாலிசியும் எஞ்சிய 25 லட்சத்தைக் குடைப் பாலிசியும் ஏற்கின்றன. பொதுப் பொறுப்பு, வாகனம், முதலாளி பொறுப்பு ஆகிய தனித்தனிப் பாலிசிகள் மூன்றின் உபரியும் ஒரே குடைப் பாலிசியில் வந்து சேரும் என்பது இந்த ஏற்பாட்டின் சிறப்பாகும்.

ஆண்டு வரம்பு விஷயத்தில் அது இன்னொரு வேலையும் செய்கிறது. ஒரே ஆண்டில் பல சிறு கோரிக்கைகள் வந்து 20 லட்சம் டாலர் மொத்த வரம்பைக் கரைத்துவிட்டால், அதன்பின் வரும் கோரிக்கைக்குக் குடைப் பாலிசியே கீழிறங்கி முதனிலைப் பாலிசியின் இடத்தில் நிற்கிறது. முதனிலைப் பாலிசி ஏற்காத சில வகைப் பொறுப்புகளையும், பெரும்பாலும் 10,000 டாலர் அளவிலான ஒரு தன்னேற்புத் தொகையை நிறுவனம் முதலில் செலுத்திய பிறகு, அது நேரடியாக ஏற்பதுண்டு. இந்த அகலம் இல்லாமல், கீழுள்ள பாலிசியின் நிபந்தனைகளை அப்படியே பின்பற்றி உயரத்தை மட்டும் கூட்டுவதை மிகைக் காப்பீடு என்பர். சந்தையில் இரண்டு பெயர்களும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பயன்படுத்தப்படுவதால், பாலிசியின் தலைப்பை நம்பாமல் உள்ளே எழுதியிருப்பதைப் படித்தாக வேண்டும். மருத்துவர், பொறியாளர் போன்றோரின் தொழில்முறைப் பிழை, இயக்குநர்களின் நிர்வாகப் பிழை, சுற்றுச்சூழல் மாசு, இணையவழித் தரவுக் கசிவு ஆகியவை வழக்கமாகக் குடைக்கு வெளியே நிற்கின்றன. அவற்றுக்குத் தனிப் பாலிசிகள் வேண்டும்.

மேல் ஏரியின் கரை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைக் குடைப் பாலிசி முன்கூட்டியே குறித்துவைக்கிறது. முதனிலைப் பாலிசியில் 10 லட்சம் டாலர் வரம்பு இருப்பதாக ஒப்புக்கொண்ட நிறுவனம், பிரீமியத்தை மிச்சப்படுத்த அதை 5 லட்சமாகக் குறைத்துக்கொண்டால், குடைப் பாலிசி அப்போதும் 10 லட்சத்துக்கு மேற்பட்டதையே ஏற்கும்; நடுவில் விழுந்த 5 லட்சம் நிறுவனத்தின் தலையில் விழும். முதனிலைக் காப்பீட்டாளரே நொடித்துப்போனாலும் பெரும்பாலான குடைப் பாலிசிகள் அந்த இடத்தை நிரப்ப இறங்கிவருவதில்லை.

இனி விலைக்கு வரலாம். இரண்டாவது 10 லட்சம் ஏன் மலிவு என்பதற்கான அடிப்படைக் காரணத்தைச் சூத்திரம் ஏதுமின்றியே விளங்கிக்கொள்ள இயலும். இரண்டாம் அடுக்கைத் தொடும் ஒவ்வொரு கோரிக்கையும் முதல் அடுக்கை முழுவதுமாகத் தின்றுவிட்டே மேலே வருகிறது. ஆனால் முதல் அடுக்கைத் தொடும் கோரிக்கைகளுள் மிகச் சிலவே இரண்டாம் அடுக்கை எட்டுகின்றன. ஆகவே சம அகலமுள்ள அடுக்குகளுள் மேலடுக்கின் சராசரி இழப்பு கீழடுக்கினுடையதைவிட ஒருபோதும் கூடுதலாக இருக்க முடியாது. காப்பீட்டுக் கணிப்பாளர்கள் தங்கள் விலைப்பட்டியல் சரியாக உள்ளதா என்று சோதிக்க இதையே ஓர் அளவுகோலாகக் கொள்கின்றனர். மேலும், அமெரிக்கப் பொதுப் பொறுப்புப் பாலிசியின் வழக்கமான படிவத்தில், வழக்கறிஞர் கட்டணம் உள்ளிட்ட எதிர்வாதச் செலவு உச்சவரம்புக்கு வெளியே, முதனிலைக் காப்பீட்டாளரின் தனிச் சுமையாக இருக்கிறது. அந்த வரம்பு தீரும்வரை நீதிமன்றப் படியேறும் வேலை அவருடையது என்பதால், குடைக் காப்பீட்டாளருக்கு அந்தச் செலவு பெரும்பாலும் மிச்சமாகிறது.

சராசரி குறைவு என்று சொல்வது எளிது. அந்தச் சராசரி எவ்வளவு என்று சொல்வதுதான் கடினம். யாகோப் பெர்னோலியின் நூலில் 1713-ஆம் ஆண்டு வெளிவந்த பேரெண் விதியின்படி, ஒரே தன்மையுடைய நிகழ்வுகள் எண்ணிக்கையில் பெருகப் பெருக அவற்றின் சராசரி ஒரு நிலையான அளவை நெருங்குகிறது. சிறு கோரிக்கைகள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வருவதால் முதனிலைக் காப்பீட்டாளருக்கு இந்த விதி துணை நிற்கிறது. மேலடுக்கிலோ கோரிக்கைகள் சொற்பம். அவற்றின் அளவு இத்தாலியப் பொருளியலாளர் வில்பிரடோ பரேட்டோ செல்வப் பங்கீட்டில் கண்ட வடிவத்தை ஒத்து, நீண்ட வாலோடு நீள்கிறது. அத்தகைய வடிவத்தில் ஒரே ஒரு பெருங்கோரிக்கை பத்தாண்டுகளின் சராசரியைப் புரட்டிப்போட வல்லது.

இதற்கும் மேலாக, கணிப்பாளரின் கைக்கு வரும் தரவே அரைகுறையானது. 10 லட்சம் டாலர் வரம்புள்ள பாலிசியில் 50 லட்சம் டாலர் சேதம் நேர்ந்தால், காப்பீட்டாளரின் பேரேட்டில் ஏறுவது 10 லட்சம் மட்டுமே. உண்மையான அளவு குறைந்தது 10 லட்சம் என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதுவும் சொல்வதில்லை. இவ்வாறு மேற்புறம் வெட்டுண்ட தரவை மருத்துவ ஆய்வாளர்களும் சந்திக்கின்றனர்: ஆய்வு முடியும் நாளில் உயிரோடிருக்கும் நோயாளி, குறைந்தது அத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரியும். அதற்காக எட்வர்ட் கப்லான், பால் மையர் என்ற இருவரும் 1958-இல் வெளியிட்ட மதிப்பீட்டு முறையின் அடிப்படைக் கருத்து, கோரிக்கைகளின் அளவைக் கணிக்கவும் உதவுகிறது; ஒவ்வொரு மட்டத்தையும் எட்டியவற்றுள் எத்தனை அடுத்த மட்டத்தையும் கடந்தன என்று படிப்படியாகக் கணக்கிட்டு, வெட்டுண்ட பதிவுகளை வீணாக்காமல் அவை தரும் அளவுக்குச் செய்தியைப் பெற்றுக்கொள்வதே அம்முறை.

பணவீக்கம் மேலடுக்கை எவ்வளவு கடுமையாகத் தாக்குகிறது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். 9 லட்சம், 11 லட்சம் என இரண்டு கோரிக்கைகள் வருவதாகவும் முதனிலை வரம்பு 10 லட்சம் என்றும் கொண்டால், முதனிலைக் காப்பீட்டாளர் மொத்தம் 19 லட்சமும் குடைக் காப்பீட்டாளர் 1 லட்சமும் கொடுப்பர். மருத்துவச் செலவும் நடுவர் குழுக்களின் மதிப்பீடும் 10 விழுக்காடு உயர்ந்து, அதே கோரிக்கைகள் 9.9 லட்சமாகவும் 12.1 லட்சமாகவும் ஆனால், முதனிலையின் சுமை 19.9 லட்சமாக ஏறுகிறது. அது 5 விழுக்காட்டுக்கும் குறைவான உயர்வு. குடையின் சுமையோ 1 லட்சத்திலிருந்து 2.1 லட்சமாகி இரட்டிப்பையும் தாண்டுகிறது. கரை உயராத ஏரிக்கு மழை சற்றே கூடினாலும், கூடிய நீரில் பெரும்பகுதி கீழ் ஏரிக்கே போய்ச் சேர்கிறது. குடைக் காப்பீட்டின் பிரீமியம் சில ஆண்டுகளில் திடீரெனத் துள்ளுவதற்குக் காப்பீட்டாளரின் பேராசையைக் காரணம் சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களுக்கு ஒரே குடை போதாது. 10 லட்சத்தின் மேல் 2.5 கோடி, அதன் மேல் 5 கோடி எனப் பல காப்பீட்டாளர்கள் ஒருவர் மேல் ஒருவராக நின்று தாங்கும் அடுக்குகளைத் துறையினர் கோபுரம் என்று அழைக்கின்றனர். அத்தகைய கோபுரம் இருப்பதற்கும் இல்லாததற்குமுள்ள வேறுபாட்டை லாஸ் வேகஸ் நகரின் இரண்டு பேரிடர்கள் காட்டுகின்றன. 1980 நவம்பர் 21 அன்று அங்குள்ள எம்ஜிஎம் கிராண்ட் ஓட்டலில் தீப்பிடித்து 85 பேர் மாண்டபோது, நிறுவனத்திடம் 3 கோடி டாலர் பொறுப்புக் காப்பீடு மட்டுமே இருந்தது. அதன்பின் நடந்தது காப்பீட்டு வரலாற்றில் அரிதான ஒன்று: விபத்து நடந்து முடிந்த பிறகு, அந்த விபத்துக்கே 17 கோடி டாலர் கூடுதல் காப்பீட்டை நிறுவனம் 4 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவான பிரீமியத்துக்கு வாங்கியது.

நடந்துவிட்ட விபத்துக்கு ஒருவர் ஏன் காப்பீடு விற்க வேண்டும் என்ற கேள்விக்கான விடையில்தான் மேலடுக்கு வணிகத்தின் இன்னொரு அடிப்படைக் கூறு இருக்கிறது. அதுதான் காலம். விபத்து நடந்த நாள் தெரிந்ததேயன்றி, இழப்பீட்டின் மொத்தமும் அது செலுத்தப்படும் ஆண்டும் தெரியாதவையாக இருந்தன. 1980 டிசம்பரில் அமெரிக்க வங்கிகளின் முதன்மைக் கடன் வட்டி 20 விழுக்காட்டைத் தாண்டி நின்றதால், இன்று வாங்கும் பிரீமியம் வழக்குகள் இழுத்தடிக்கும் ஆண்டுகளில் பெருகிவிடும் என்று காப்பீட்டாளர்கள் கணக்கிட்டனர். நிறுவனமோ வழக்குகளை விரைந்து சமரசம் செய்து முடித்தது. அவசரப்பட்டு அதிகம் கொடுத்துவிட்டதாகச் சொல்லிக் காப்பீட்டாளர்கள் பணம் தர மறுக்க, தகராறு நீதிமன்றம் ஏறியது. 37 ஆண்டுகள் கழித்து, 2017 அக்டோபர் 1 அன்று அதே நகரில் எம்ஜிஎம் ரிசார்ட்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான ஓட்டல் ஒன்றின் அறையிலிருந்து இசைவிழாக் கூட்டத்தின் மீது நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, பாதிக்கப்பட்டோருக்கென 80 கோடி டாலர் சமரசம் எட்டப்பட்டது, அதில் 75.1 கோடியைக் காப்பீட்டாளர்களும் 4.9 கோடியை மட்டும் நிறுவனமும் ஏற்றன. இம்முறை கோபுரம் முன்பே கட்டப்பட்டிருந்தது.

கோபுரத்தின் மேல் மாடிகள் எப்போதும் விற்பனைக்குக் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. 1985, 1986 ஆண்டுகளில் வட்டி விகிதம் இறங்க, ஆஸ்பெஸ்டாஸ் உள்ளிட்ட பழைய வழக்குகள் குவிய, காப்பீட்டாளர்களுக்கே காப்பீடு அளிக்கும் மறுகாப்பீட்டாளர்கள் பின்வாங்க, அமெரிக்கப் பொறுப்புக் காப்பீட்டுச் சந்தையே வறண்டது. எவ்வளவு விலை கொடுத்தாலும் மேலடுக்கு கிடைக்காத நிலையில், 34 பெருநிறுவனங்கள் கூடி 1985-இல் ஏஸ் என்ற காப்பீட்டு நிறுவனத்தையும், அடுத்த ஆண்டு 68 நிறுவனங்கள் கூடி எக்ஸ்எல் என்ற நிறுவனத்தையும் தாங்களே தொடங்கிக்கொண்டன. ஏஸ் 10 கோடி டாலருக்கு மேலும் எக்ஸ்எல் 2.5 கோடி டாலருக்கு மேலும் தொடங்கும் அடுக்குகளை விற்றன. ஏஸ் 2016-இல் சப் நிறுவனத்தை வாங்கி அதன் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. எக்ஸ்எல் 2018-இல் பிரான்சின் ஆக்ஸாவோடு சேர்ந்தது.

அடுக்குகள் பலவாகும்போது அவற்றுக்கிடையே நலன் மோதலும் எழுகிறது. டெக்ஸாஸ் மாநிலத்தில் 1929-இல் தீர்க்கப்பட்ட ஸ்டவர்ஸ் வழக்கு இதன் தொடக்கப் புள்ளி. ஸ்டவர்ஸ் என்ற அறைகலன் கடையின் லாரி ஹூஸ்டன் தெருவில் விளக்கின்றி நின்றதால் ஒரு பெண் காயமடைந்தார். 4,000 டாலர் கொடுத்தால் வழக்கை முடித்துக்கொள்வதாக அவர் தரப்பு முன்வந்தது. பாலிசியின் வரம்பு 5,000 டாலர். 2,500-க்கு மேல் தர மறுத்துக் காப்பீட்டாளர் வழக்கை நடத்தினார். தீர்ப்பு ஏறத்தாழ 14,000 டாலரில் வந்து நின்றது. தோற்றால் தன் நட்டம் 5,000-ஐத் தாண்டாது என்பதால், காப்பீட்டாளர் சூதாடியது கடைக்காரரின் பணத்தை வைத்துத்தான். வரம்புக்குள் வரும் நியாயமான சமரசத்தைக் கவனமின்றி மறுக்கும் காப்பீட்டாளர், மிகுதித் தொகைக்கும் தானே பொறுப்பாவார் என்ற விதி அதிலிருந்து பிறந்தது. கடைக்காரரின் இடத்தில் இன்று குடைக் காப்பீட்டாளர் நிற்பதால், முதனிலைக் காப்பீட்டாளர் பிடிவாதம் பிடித்து வாய்ப்பைத் தவறவிட்டால் அவர்மீது வழக்குத் தொடுக்கும் உரிமையைப் பல மாநிலங்களின் நீதிமன்றங்கள் குடைக் காப்பீட்டாளருக்கு வழங்கியுள்ளன.

எத்தனை கோடிக்குக் குடை வேண்டும் என்பதற்குச் சூத்திரம் இல்லை. சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தை அளவாகக் கொள்வது ஆபத்தானது: மாநில எல்லை தாண்டிப் பொதுச் சரக்கு ஏற்றும் லாரிகளுக்கு அமெரிக்க அரசு விதித்த 7.5 லட்சம் டாலர் வரம்பு 1985 முதல் மாறாமலே இருக்க, விலைவாசி ஏறத்தாழ மூன்று மடங்காகியிருக்கிறது. சாலையில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கை, ஒரே நேரத்தில் ஓரிடத்தில் கூடும் மக்கள், கட்டட உரிமையாளரும் ஒப்பந்தம் கொடுப்பவரும் கேட்கும் வரம்பு ஆகியவை கூடுதல் பயனுள்ள அளவுகள். வாங்கிய பிறகு பார்க்க வேண்டிய சிறு விஷயம் ஒன்று உண்டு, அது தேதி. முதனிலைப் பாலிசி ஜனவரியிலும் குடைப் பாலிசி ஜூலையிலும் தொடங்குமானால், ஜனவரி முதல் ஜூன் வரை வந்த கோரிக்கைகள் முதனிலையின் ஆண்டு வரம்பைக் கரைத்திருந்தாலும், தன் காலத்துக்கு முற்பட்டவை என்று சொல்லி ஜூலையில் தொடங்கிய குடை அந்தக் கரைவைக் கணக்கில் கொள்ளாமல் போகலாம். எனவே இரண்டையும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடியும்படி அமைத்துத் தருமாறு தரகரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவதே முறையாகும்.